ஆசிரியர்களுக்கான தலைமைப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆசிரியராக இருந்து, துறைத் தலைவராகி, அப்புறம் பள்ளி, கல்லூரி ஆசிரியர்களுக்குத் தலைமைப் பயிற்சி நடத்தும் வேலைக்கு வந்து சேர்ந்தவன் நான். அரங்கில் கை தூக்கிக் கேட்கப்படும் கேள்விகள் எப்போதும் நாகரிகமானவை. உண்மையான கேள்விகள் இடைவேளையில், வராந்தா ஓரத்தில், குரலைத் தாழ்த்தித்தான் வரும். இங்கே இருப்பவை பெரும்பாலும் அந்த வராந்தாக் கேள்விகள்.

நான் வகுப்பில் பாடம் நடத்துகிறவன். எனக்கு எதற்குத் தலைமைப் பயிற்சி?

உங்கள் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியருக்கு ஒரு பாடத்தை எப்படி நடத்துவது என்று சந்தேகம் வந்தால் யாரிடம் போகிறார் என்று கவனித்துப் பாருங்கள். தலைமையாசிரியர் அறைக்குப் போவது அபூர்வம். ஸ்டாஃப் ரூமில் பக்கத்து மேஜைக்குத்தான் போவார். அந்தப் பக்கத்து மேஜைக்காரர் பெயர்ப் பலகை இல்லாத தலைவர். தேர்வுக் குழு, ஆய்வகப் பொறுப்பு, விடுதிக் காப்பாளர், கல்லூரி என்றால் பாடத்திட்டக் குழு என்று எதை எடுத்தாலும், அடுத்தவரை ஒரு காரியத்துக்கு இணங்க வைத்துக் கூடவே நடத்திச் செல்கிற வேலைதான் அது. ஆசிரியர் பயிற்சிப் படிப்பிலும் சரி, முனைவர் பட்ட ஆய்விலும் சரி, அதை யாரும் சொல்லித் தருவதில்லை.

ஜேம்ஸ் ஸ்பில்லேன் போன்ற கல்வி ஆய்வாளர்கள் இதைப் 'பகிர்ந்த தலைமை' என்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் தலைமை ஒரு நாற்காலியில் மட்டும் உட்கார்ந்திருப்பதில்லை, பலருடைய அன்றாட நடவடிக்கைகளில் சிதறிக் கிடக்கிறது என்பது அவர்கள் பார்வை. அதனால், பதவி வந்த பிறகு பயிற்சிக்குப் போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். பதவி வந்த பிறகு தவறு செய்து பழக நேரம் கிடைக்காது.

நிர்வாகப் பயிற்சியும் இதுவும் ஒன்றுதானே?

பாதி ஒன்றுதான். கோப்பு, நிதி, விதிமுறை, விடுப்புக் கணக்கு ஆகியவை நிர்வாகம். அவை தெரியாமல் எந்தத் தலைவரும் நிற்க முடியாது. நிர்வாகத்தைக் கேவலமாகப் பேசும் பயிற்சியாளர்களை எனக்குப் பிடிக்காது. நேரத்துக்குச் சம்பளம் போடாத முதல்வரின் தொலைநோக்கை யார் கேட்பார்கள்?

ஆனால் கோப்பு எல்லாம் சரியாக இருந்தும் வகுப்பறையில் ஒன்றுமே மாறாத நிறுவனங்கள் நிறைய. கற்பித்தல் மேம்பட மனிதர்களோடு எப்படிப் பேசுவது, எதை முதலில் தொடுவது, எதை விட்டுவிடுவது என்பதுதான் தலைமைப் பயிற்சி எடுத்துக்கொள்ளும் பகுதி.

தலைமை நன்றாக இருந்தால் மாணவர்கள் நிஜமாகவே கூடுதலாகக் கற்கிறார்களா? ஆதாரம் உண்டா?

உண்டு. கல்வித் துறையில் இவ்வளவு தெளிவாக ஆதாரம் சேர்ந்திருக்கும் விஷயங்கள் குறைவு.

2004-ல் கென்னத் லீத்வுட்டும் சக ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மாணவர் கற்றலைப் பாதிக்கும் பள்ளி சார்ந்த காரணிகளில் முதலிடம் வகுப்பறைக் கற்பித்தலுக்கு, அதற்கு அடுத்த இடம் தலைமைக்கு என்பது அவர்கள் முடிவு. 2021-ல் ஜேசன் கிரிஸம் குழு அமெரிக்கப் பள்ளிகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கை இன்னும் துல்லியமானது. திறமையில் கீழ்க் கால்பகுதி எல்லையில் நிற்கும் ஒரு முதல்வருக்குப் பதிலாக மேல் கால்பகுதி எல்லையில் நிற்பவர் வந்தால், அந்தப் பள்ளியின் சராசரி மாணவர் ஓர் ஆண்டில் கணக்கிலும் வாசிப்பிலும் கிட்டத்தட்ட மூன்று மாதப் படிப்புக்குச் சமமான அளவு கூடுதலாகக் கற்கிறார். ஒரு நல்ல ஆசிரியர் தன் வகுப்பை மாற்றுவார். நல்ல தலைவரின் பலன் எல்லா வகுப்புக்கும் போய்ச் சேருகிறது. அதனால்தான் மொத்தப் பலன் இவ்வளவு பெரிது.

எனக்கு மிகவும் பிடித்தது நியூசிலாந்தின் விவியன் ராபின்சன் 2008-ல் சக ஆய்வாளர்களோடு வெளியிட்ட ஆய்வு. தலைவர் செய்யும் பல வேலைகளில் மாணவர் கற்றலோடு அதிகம் தொடர்புடையது எது என்று பழைய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். இலக்கு வைப்பது, வளங்களைப் பிரித்துக் கொடுப்பது, ஒழுங்கைக் காப்பது எல்லாம் பட்டியலில் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே வந்தது, ஆசிரியர்கள் கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்து, தானும் அவர்களோடு உட்கார்ந்து கற்றுக்கொள்வது. கவனியுங்கள், 'தானும் உட்கார்ந்து'. ஆசிரியர்களுக்குப் பயிற்சி ஏற்பாடு செய்து, குத்துவிளக்கு ஏற்றிவிட்டு, "எனக்கு வேறு வேலை இருக்கிறது" என்று கிளம்பிப் போகும் முதல்வர்களை நான் எண்ண முடியாத அளவு பார்த்திருக்கிறேன். அவர் கிளம்பிய கதவு வழியாகவே பயிற்சியின் மதிப்பும் வெளியே போய்விடுகிறது.

தலைமைப் பண்பு பிறவியிலேயே வரவேண்டியது இல்லையா?

கூட்டத்தில் கூச்சமில்லாமல் பேசுவது சிலருக்கு இயல்பாக வரும். அதைத் தலைமை என்று தவறாக எடுத்துக்கொள்கிறோம். ஒரு வகுப்பைக் கவனித்துவிட்டு உருப்படியாக இரண்டு வார்த்தை சொல்வது, எல்லோரும் பேசும்படி கூட்டம் நடத்துவது, மதிப்பெண் பட்டியலைச் சரியாகப் படிப்பது எல்லாம் பழகினால் வருபவை. சத்தமாகப் பேசத் தெரியாத பலர் இவற்றில் மிகவும் தேர்ந்தவர்கள்.

பயிற்சியில் என்னதான் சொல்லித் தருவார்கள்?

இடத்துக்கு இடம் மாறும். உருப்படியான பயிற்சி எதுவாக இருந்தாலும் நாலைந்து விஷயங்களைத் தொடாமல் இருக்காது: வகுப்பைக் கவனித்துக் கருத்துச் சொல்வது, கூட்டம் நடத்துவது, மதிப்பெண்ணையும் வருகைப் பதிவையும் வைத்து எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பது, பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பது, கால அட்டவணையையும் பணத்தையும் முன்னுரிமைப்படி ஒதுக்குவது. இவை எல்லாவற்றையும்விட நான் அதிக நேரம் செலவழிப்பது ஒன்றில்தான்: சங்கடமான பேச்சு.

ஓர் ஆசிரியரின் வகுப்பில் பாதிப் பேர் தேறவில்லை. அவரிடம் எப்படிப் பேசுவது? பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, சுற்றி வளைத்து, பாராட்டில் ஆரம்பித்து, பாராட்டிலேயே முடித்து, வந்தவர் சந்தோஷமாகத் திரும்பிப் போகிறார். விஷயம் அவர் காதில் விழவே இல்லை. அல்லது, "உங்க ரிசல்ட் ஏன் இப்படி இருக்கு?" என்று எடுத்த எடுப்பிலேயே குற்றப்பத்திரிகை. இரண்டிலும் ஒரு பொதுத் தவறு உண்டு. தலைவர் தன் முடிவை முன்கூட்டியே எடுத்துவிட்டார். எதிரில் இருப்பவருக்குத் தெரிந்ததைக் கேட்க அவருக்கு நேரமில்லை.

ராபின்சன் இதற்கு ஒரு வழி சொல்கிறார். என் மொழியில் சொன்னால் இப்படி: கவலையை நேராகச் சொல், அதற்கான ஆதாரத்தைக் காட்டு, உன் கணிப்பு தவறாக இருக்கலாம் என்று நிஜமாகவே நினைத்துக் கேள், இருவரும் சேர்ந்து காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு தீர்வுக்குப் போ. "சார், இந்தப் பிரிவுல 40 பேர்ல 19 பேர் தேறலை, எனக்குக் கவலையா இருக்கு. நீங்க இதை எப்படிப் பாக்கறீங்க?" இவ்வளவுதான் ஆரம்பம். அப்புறம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அதுதான் கஷ்டம்.

அரங்கில் இதை நடித்துப் பார்க்கச் சொன்னால் முதல் முறை எல்லோரும் சிரிப்பார்கள். இரண்டாம் முறை சினிமா வசனம் வரும். மூன்றாம் முறை, தங்கள் நிறுவனத்தில் நிஜமாகவே இருக்கும் ஒருவரை மனதில் வைத்துப் பேசச் சொல்லும்போது அறை அமைதியாகிவிடும். பயிற்சி அங்கேதான் ஆரம்பிக்கிறது. நிறுவனங்கள் கற்கும் விதத்தை ஆராய்ந்த கிறிஸ் ஆர்கிரிஸும் டொனால்ட் ஷோனும் 1974-லேயே சுட்டிக்காட்டியது இது: நாம் நம்புவதாகச் சொல்லிக்கொள்ளும் கொள்கை ஒன்று, நெருக்கடியில் நம் நடத்தையில் தெரியும் கொள்கை வேறு. 'நான் எல்லோர் கருத்தையும் கேட்பவன்' என்று மனதார நம்புகிறவர், நடித்துப் பார்க்கும்போது மூன்று நிமிடத்தில் இரண்டரை நிமிடம் தானே பேசுகிறார். அதை அவருக்குப் பதிவு செய்து போட்டுக் காட்டினால் போதும், நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

நான் தினமும் எல்லா வகுப்புகளையும் ஒரு சுற்று எட்டிப் பார்க்கிறேன். அது போதாதா?

சுற்றுவது தவறில்லை. ஆனால் 2013-ல் கிரிஸமும் சூசன்னா லோப் உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்தப் பழக்கத்துக்கு ஒரு குட்டு வைத்தது. ஏறத்தாழ நூறு முதல்வர்களின் வேலை நாளைக் கூடவே இருந்து கவனித்தார்கள். ஆசிரியரோடு உட்கார்ந்து வழிகாட்டுவதிலும், கல்வித் திட்டத்தைச் செம்மைப்படுத்துவதிலும் செலவழித்த நேரம் மாணவர் முன்னேற்றத்தோடு சேர்ந்து வந்தது. வெறுமனே வகுப்பை எட்டிப் பார்த்துவிட்டுப் போன நேரமோ, குறிப்பாக மேல்நிலைப் பள்ளிகளில், எதிர்த்திசையில் நின்றது.

காரணம் ஊகிக்க முடிந்ததுதான். எட்டிப் பார்த்ததைப் பற்றி அதன் பிறகு பேச்சே இல்லாவிட்டால், ஆசிரியருக்கு அது கண்காணிப்பாகத்தான் தெரியும். பத்து வகுப்பை எட்டிப் பார்ப்பதற்குப் பதில் ஒரே வகுப்பில் முழுதாக உட்கார்ந்து, அன்றே அந்த ஆசிரியரோடு பத்து நிமிடம் பேசுங்கள்.

நேற்றுவரை நண்பர்களாக இருந்தவர்களுக்கு இன்று நான் துறைத் தலைவர். எப்படிச் சமாளிப்பது?

வராந்தாவில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கல்லூரியில் இன்னும் சிக்கல், ஏனென்றால் பல இடங்களில் அந்தப் பதவி சுற்றுமுறையில் வரும். மூன்று ஆண்டு கழித்து நீங்கள் மறுபடி அவர்களில் ஒருவர். இன்று நீங்கள் அதிகாரம் காட்டிய ஆள் அன்று உங்கள் தலைவராக இருப்பார்.

எனக்கு அந்தப் பதவி வந்தபோது துறையிலேயே இளையவன் நான். குருவி தலையில் பனங்காய். என்னைவிட மூத்தவர் ஒருவர் அகமதிப்பீட்டு மதிப்பெண்களைத் தரத் தாமதித்துக்கொண்டே இருந்தார். நேரில் கேட்கத் தைரியம் வரவில்லை. என்ன செய்தேன் தெரியுமா? துறை முழுவதற்கும் ஒரு சர்குலர் அனுப்பினேன்: 'அனைவரும் உரிய காலத்தில் மதிப்பெண்களைச் சமர்ப்பிக்க வேண்டும்.' ஏற்கனவே சமர்ப்பித்திருந்த ஏழு பேருக்கும் கோபம். சமர்ப்பிக்காத அந்த ஒருவர், 'இது நம்மை இல்லை' என்று நிம்மதியாக இருந்துவிட்டார். ஒருவரிடம் பேச வேண்டியதை எல்லோருக்கும் எழுதக் கூடாது என்று அன்று தெரிந்துகொண்டேன். கடைசியில் அவர் மேஜைக்கே போய், "சார், உங்ககிட்ட கேக்கவே எனக்குத் தயக்கமா இருக்கு, ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்" என்றேன். வியாழக்கிழமையே தந்துவிட்டார். அவருக்குப் புதிய மென்பொருளில் ஏற்றத் தெரியவில்லை, இளையவர்களிடம் கேட்கக் கூச்சம். அவ்வளவுதான் விஷயம்.

நண்பர்கள் விஷயத்தில் நான் சொல்வது ஒன்றுதான். பதவி ஏற்ற முதல் வாரத்திலேயே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். எது மாறும், எது மாறாது, வகுப்பு ஒதுக்கீட்டில் நண்பருக்குச் சலுகை இருக்காது, ஒருவர் சொன்ன தனிப்பட்ட விஷயம் இன்னொருவர் காதுக்குப் போகாது என்பதையெல்லாம் அவர்களே கேட்கும் முன் நீங்கள் சொல்லிவிட வேண்டும். சிலர் கொஞ்சம் விலகுவார்கள். விலகட்டும்.

கூட்டத்தில் 'கருத்து இருந்தால் சொல்லுங்கள்' என்றால் யாரும் வாயே திறப்பதில்லை. ஏன்?

நீங்கள் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? 1970-களில் மேரி பட் ரோ வகுப்பறைகளைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள் என்று கண்டார். அதை மூன்று விநாடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். ஆசிரியர்களான நாம் இந்தப் பழக்கத்தை வகுப்பிலிருந்து அப்படியே கூட்ட அறைக்குக் கொண்டுவந்துவிட்டோம். 'யாருக்காவது ஏதாவது... சரி, அடுத்த விஷயம்.'

இரண்டாவது காரணம் ஆழமானது. எமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது ஒரு விசித்திரத்தைக் கண்டார். நன்றாக இயங்கும் குழுக்களில்தான் மருந்து கொடுப்பதில் நேர்ந்த தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்தார்கள் என்பதால் அல்ல, தவறை ஒளிக்காமல் சொல்லும் அளவு அங்கே பயமில்லாமல் இருந்ததால்தான் என்பது அவர் விளக்கம். இதைத்தான் பின்னர் 1999-ல் வந்த ஆய்வில் 'உளப் பாதுகாப்பு' என்ற பெயரில் விரித்தார். உங்கள் கூட்டத்தில் ஒருவர் போன முறை மாற்றுக் கருத்துச் சொன்னபோது என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். அவருக்கு அடுத்த வாரமே கூடுதல் கண்காணிப்புப் பணி விழுந்திருந்தால், நீங்கள் மூன்று நிமிடம் காத்திருந்தாலும் யாரும் பேச மாட்டார்கள்.

உடனே செய்யக்கூடியது: பேசச் சொல்வதற்கு முன் இரண்டு நிமிடம் எழுதச் சொல்லுங்கள். பணியில் இளையவரிடமிருந்து ஆரம்பியுங்கள். நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். வெறும் அறிவிப்பு மட்டும்தான் என்றால் கூட்டமே போடாதீர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம்.

பள்ளிக்கும் கல்லூரிக்கும் ஒரே பயிற்சி பொருந்துமா?

மனிதர்களோடு பேசும் பகுதி பொருந்தும். மற்றவை பொருந்தாது. பள்ளியில் தலைமையாசிரியர் ஒரு வகுப்புக்குள் போய் உட்காருவது இயல்பான விஷயம். கல்லூரியில் துறைத் தலைவர் ஒரு பேராசிரியரின் வகுப்பில் உட்கார்ந்தால் அது அவமதிப்பாகக்கூட எடுத்துக்கொள்ளப்படும். 'என் பாடத்தில் என்னைவிட உங்களுக்கு என்ன தெரியும்?' என்பது அங்கே நியாயமான கேள்விதான். அதனால் கல்லூரியில் கட்டளை செல்லாது, சக அறிஞர்களை இணங்க வைக்க வேண்டும். அங்கே வினாத்தாள், விடைத்தாள், மாணவர் செய்த ஆய்வு ஆகியவற்றை நடுவில் வைத்துப் பேசினால் சுலபமாக உள்ளே நுழையலாம். ஆராய்ச்சி, நிதி விண்ணப்பம், தரமதிப்பீட்டு ஆவணங்கள் எனக் கல்லூரிக்கே உரிய சுமைகளும் உண்டு.

இரு தரப்பையும் ஒரே அரங்கில் உட்கார வைப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. 'பள்ளியில் ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் அனுப்பிவிடுகிறார்கள்' என்று சொல்லும் பேராசிரியரின் பக்கத்திலேயே அந்தப் பள்ளி ஆசிரியர் உட்கார்ந்திருப்பார். அன்று மதிய அமர்வு தூக்கம் வராமல் போகும்.

எத்தனை நாள் பயிற்சி வேண்டும்? ஒரு நாள் பயிலரங்கால் பலன் உண்டா?

ஒரு நாள் பயிலரங்கு ஆர்வத்தைக் கிளப்பும், பழக்கத்தை மாற்றாது. ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980-களில் இருந்தே இதைத்தான் சொல்லி வந்தார்கள்: கோட்பாட்டைக் கேட்பது, செய்துகாட்டுவதைப் பார்ப்பது, அரங்கில் பழகுவது எல்லாம் நடந்தாலும், பணியிடத்தில் கூட இருந்து வழிகாட்ட ஒருவர் இல்லாவிட்டால் கற்றது வகுப்பறைக்குப் போய்ச் சேருவதில்லை.

இதைப் புரிந்துகொண்ட நாடுகள் நாட்கணக்கை விட்டுவிட்டு மாதக்கணக்குக்குப் போய்விட்டன. சிங்கப்பூரில் முதல்வர் பொறுப்புக்குத் தயாராகிறவர்களுக்கு ஆறு மாதத்துக்குக் குறையாத முழுநேரப் பயிற்சி உண்டு. இங்கிலாந்து 1997-ல் தலைமையாசிரியர்களுக்கென்றே ஒரு தேசியத் தகுதிச் சான்றைக் கொண்டுவந்து, பின்னர் புதிய தலைமையாசிரியர்களுக்குக் கட்டாயமாக்கி, 2012-ல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. கட்டாயமா விருப்பமா என்பதில் நல்லறிவு உள்ளவர்களே இரு பக்கமும் நிற்கிறார்கள். என் ஓட்டு விருப்பத்துக்கு. கட்டாயப் பயிற்சியில் கடைசி வரிசை முழுதும் செல்போன் வெளிச்சம்தான்.

உங்களால் ஆறு மாதம் விடுப்பு எடுக்க முடியாது, தெரியும். இரண்டு நாள் பயிற்சி, ஒரு மாத இடைவெளி, மறுபடி ஒரு நாள், அப்புறம் இன்னொரு இடைவெளி என்று ஓர் ஆண்டுக்குப் பரப்பி வைப்பதே நடைமுறைக்கு ஏற்றது. இடைவெளியில் செய்ய ஒரு வேலை கொடுக்கப்பட்டு, அதைப் பற்றி விசாரிக்க ஒரு ஆள் இருக்க வேண்டும். இடைவெளிதான் பயிற்சி, அரங்கில் இருக்கும் நாட்கள் அதற்கான தயாரிப்பு.

ஆன்லைனில் படித்தால் போதுமா?

விதிமுறை, நிதி, தரவு பற்றிய பாடங்களுக்குப் போதும். சங்கடமான பேச்சைப் பழகக் கேமராவை அணைத்து வைத்திருக்கும் முப்பது பேர் உதவ மாட்டார்கள்.

நல்ல பயிற்சியாளரை எப்படி அடையாளம் காண்பது?

கெட்டவரை அடையாளம் காண்பது சுலபம், அதைச் சொல்கிறேன். 'படித்தால் 10 விழுக்காடு நினைவிருக்கும், கேட்டால் 20, பார்த்தால் 30' என்று ஒரு முக்கோணத்தைத் திரையில் போட்டால் உஷாராகிவிடுங்கள். அந்த எண்களுக்குப் பின்னால் எந்த ஆய்வும் இல்லை. கற்றல் அனுபவங்களை வகைப்படுத்த 1946-ல் கல்வியாளர் எட்கர் டேல் வரைந்த 'அனுபவக் கூம்பு' என்ற படத்தின் மேல் யாரோ பிற்பாடு ஒட்டிய எண்கள் அவை. டேலின் படத்தில் எண்களே கிடையாது. கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டவர்கள் நிறைந்த அறையில் அதைச் சரிபார்க்காமல் போடுகிறவர், வேறு எதைச் சரிபார்த்திருப்பார்?

அப்புறம், ஒரு வினாத்தாளை நிரப்பச் சொல்லி, 'நீங்கள் இந்த நான்கு வகையில் இந்த வகைத் தலைவர்' என்று நிறம் பூசி அனுப்புகிறவர்கள். பொழுது போகும், ஜாதகம் பார்த்த திருப்தியும் கிடைக்கும். அடுத்த நாள் காலையில் அதை வைத்து என்ன செய்வது என்றுதான் தெரியாது.

நல்லவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "போன ஆண்டு பயிற்சி எடுத்தவர்கள் இப்போது என்ன வித்தியாசமாகச் செய்கிறார்கள்?" குறிப்பாக நாலைந்து உதாரணம் சொன்னால் அழைத்து வாருங்கள். கைதட்டலையும் புகைப்படத்தையும் காட்டினால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

பயிற்சி பலித்ததா என்று எப்படி அளப்பது?

டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-ல் வகுத்த நான்கு படிகள் இன்றும் உதவும். பங்கேற்றவர்களுக்குப் பிடித்ததா? கற்றுக்கொண்டார்களா? பணியிடத்தில் நடத்தை மாறியதா? நிறுவனத்துக்குப் பலன் கிடைத்ததா? நம் பயிற்சிகளில் பெரும்பாலானவை முதல் படியிலேயே நின்றுவிடுகின்றன. கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு படிவம் தருவார்கள். எனக்கு வரும் படிவங்களில் அதிகம் எழுதப்படுவது, 'அருமை' என்பதும், 'ஏசி குளிர் அதிகம்' என்பதும்.

மூன்றாம் படியை அளப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மூன்று மாதம் கழித்து, பயிற்சிக்கு வந்தவரை விட்டுவிட்டு, அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்களிடம் கேளுங்கள்: "இந்தப் பருவத்தில் உங்கள் வகுப்பைப் பற்றி அவர் உங்களோடு எத்தனை முறை உட்கார்ந்து பேசினார்? அதற்கு முன்?" இரண்டு எண்கள் கிடைக்கும். நான்காம் படியான மாணவர் முன்னேற்றத்துக்கு ஒரே பருவத்தில் அவசரப்பட வேண்டாம். கல்வி மாற்றங்களை ஆராய்ந்த மைக்கேல் ஃபுல்லன் சொல்வதுபோல, புதிதாக ஒன்றைத் தொடங்கும்போது முதலில் ஒரு சறுக்கல் வரும், பழைய முறை கைவிட்டுப் போயிருக்கும், புதியது கைவந்திருக்காது. அந்தப் பள்ளத்தில் நிற்கும்போது அளந்துபார்த்துத் திட்டத்தையே மூட்டை கட்டியவர்கள் பலர்.

மூத்த ஆசிரியர்கள் 'இதெல்லாம் நாங்கள் பார்த்தாச்சு' என்கிறார்கள். என்ன செய்ய?

முதலில், அவர்கள் சொல்வது உண்மை என்று ஒத்துக்கொள்ளுங்கள். நிஜமாகவே பார்த்துவிட்டார்கள். இருபது ஆண்டில் பெயர் மாறி மாறி வந்துபோன திட்டங்களை அவர்கள் வரிசையாகச் சொல்வார்கள். அவர்களுடைய அவநம்பிக்கை அனுபவத்தில் விளைந்தது, அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் அவர்களிடம் கேட்பது: "வந்துபோனதில் எது கொஞ்சமாவது ஒட்டியது? ஏன்?" இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்கள் என் குறிப்பேட்டில் உள்ள எதையும்விடச் சிறந்தவை. ஜப்பானிய ஆசிரியர்களிடம் நெடுங்காலமாக ஒரு வழக்கம் உண்டு. ஒரு பாடத்தைச் சேர்ந்து திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் மாணவர்களைக் கவனிப்பார்கள். பிறகு எல்லோரும் உட்கார்ந்து அந்தப் பாடத்தை அலசுவார்கள். அங்கே விமர்சனத்துக்கு உள்ளாவது பாடம், ஆள் இல்லை. மூத்தவர்களை வைத்து இப்படி ஒன்றைத் தொடங்கிப் பாருங்கள். அவர்களைப் பயிற்சி பெறுபவர்களாக உட்கார வைத்தால் கை கட்டிக்கொள்வார்கள். இளையவரின் பாடத்தைத் திட்டமிட உதவச் சொன்னால் மணி அடித்த பிறகும் எழுந்து போக மாட்டார்கள்.

மேலே இருக்கும் நிர்வாகம் எதற்கும் விடுவதில்லை. பயிற்சி எடுத்து என்ன பயன்?

இது சாக்காகவும் வரும், நிஜமாகவும் வரும். ஒரு தாளில் கோடு போட்டு, இடப் பக்கம் அனுமதி தேவைப்படுபவை, வலப் பக்கம் யாரையும் கேட்காமல் நீங்களே செய்யக்கூடியவை என்று எழுதிப் பாருங்கள். துறைக் கூட்டத்தை எப்படி நடத்துவது, புதிய ஆசிரியரை யாருக்கு அருகில் உட்கார வைப்பது, வினாத்தாளை எப்படி அலசுவது என எல்லோருக்கும் வலப் பக்கம் நினைத்ததைவிட நீளமாகத்தான் வருகிறது.

ஆனால் பயமும் பழிவாங்கலுமே நிர்வாகமாக ஆள்கிற இடத்தில், கீழே இருக்கும் ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பி மாற்றம் கேட்பது அநியாயம். அங்கே முதலில் பயிற்சிக்கு வரவேண்டியவர் வேறு ஆள்.

சான்றிதழ் பதவி உயர்வுக்கு உதவுமா?

சில இடங்களில் மதிப்பெண்ணாகச் சேரும். உங்கள் பணி விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்காக மட்டும் வருகிறேன் என்று நேராகச் சொல்லுகிறவர்களை எனக்குப் பிடிக்கும். அவர்களில் பாதிப் பேர் இரண்டாம் நாளில் வேறு காரணத்துக்காக உட்கார்ந்திருப்பார்கள்.

தலைமைப் பொறுப்பு வந்துவிட்டால் வகுப்பு எடுப்பதை நிறுத்தலாமா?

வாரத்துக்கு ஒரு பிரிவேளையாவது வைத்துக்கொள்ளுங்கள். புதிய பாடநூல் எங்கே முரண்டு பிடிக்கிறது, கடைசி பெஞ்சுக்குக் கரும்பலகை தெரிகிறதா, வருகைப் பதிவுச் செயலிக்கு எத்தனை நிமிடம் வீணாகிறது என்பதெல்லாம் அலுவலக அறையில் தெரியவராது. பெரிய நிறுவனத்தின் முதல்வருக்கு அது முடியாமல் போகலாம். அப்படியானால் விடுப்பில் இருப்பவருக்குப் பதிலாக மாதம் ஒருமுறையாவது போகலாம். ஒரு கல்லூரி முதல்வர் அப்படிப் போய், தான் பத்து ஆண்டு நடத்திய பாடத்தையே மாணவர்கள் முன் தடுமாறி நடத்திவிட்டு வந்து, அன்று மாலையே புரொஜெக்டர் வாங்கும் கோப்பில் கையெழுத்துப் போட்டார். அந்தக் கோப்பு நாலு மாதமாக அவர் மேஜையில்தான் இருந்தது.

பயிற்சி முடிந்து திரும்பியதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பத்து மாற்றங்களை அறிவிக்காதீர்கள். அதைத்தான் எல்லோரும் பயந்துகொண்டு எதிர்பார்த்திருப்பார்கள்.

முதல் வாரம் ஐந்து பேரிடம் தனித்தனியாக ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "உங்கள் மாணவர்கள் நன்றாகக் கற்பதற்கு இங்கே எது தடையாக இருக்கிறது?" அலுவலக உதவியாளர் ஒருவரையும் ஐவரில் சேர்த்துக்கொள்ளுங்கள், அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை. இரண்டு பேராவது சொன்ன ஒரே ஒரு சிறிய தடையை எடுத்து, மாத முடிவுக்குள் தீர்த்துக் காட்டுங்கள். அது ஒரு பூட்டிய ஆய்வகத்தின் சாவி விவகாரமாகக்கூட இருக்கலாம். பிறகுதான் பெரியது.

உங்களோடு பயிற்சிக்கு வந்த ஒருவரின் எண்ணை வாங்கிவைத்து, நான்கு வாரம் கழித்து அரை மணி நேரம் பேசுவதற்கு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். இதை அரங்கை விட்டுக் கிளம்பும் முன்பே செய்துவிட வேண்டும், வீட்டுக்குப் போய்ச் செய்யலாம் என்றால் நடக்காது.

அங்கே கொடுத்த தடிமனான கோப்பை என்ன செய்வது?

நீங்கள் உங்கள் கையால் எழுதிய பக்கம் ஒன்று அதில் இருக்கும். அதை மட்டும் எடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். மீதியை அலமாரியில் போட்டுவிடலாம், என் கோப்புகளும் அங்கேதான் இருக்கின்றன.